மார்கழியில் ஒரு தியேட்டர் கல்யாணம்

மூடிக் கிடக்கும் தியேட்டரின் கதவைத் திறந்ததும் காலை வெயில் எங்களுக்கு முன்னால் உள்ளே போகிறது. அதில் தூசி மெல்ல மிதக்கிறது. நாற்காலிகளை எடுத்துவிட்ட சரிவான தரையில், நான் கட்டிக்கொள்ளப்போகும் பெர்சி வெறுங்காலோடு நடந்து பார்க்கிறாள். அவள் நிழல் திரை இருந்த வெள்ளைச் சுவரில் ஏறுகிறது. "இங்கனதான் மாலை மாத்துறோம். நம்ம சனம் மட்டும் போதும். இன்டர்வெல் விட்டு முறுக்கு குடுப்போம் மாப்ள," என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேலை பார்க்கும் ஷார்ஜாவில் மார்கழியில்தான் லீவு தருகிறார்கள். மார்கழியில் தாலி கட்டினால் எங்கள் ஊர் எழுமலையை விட்டு வரவே மாட்டேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். போனை வாயருகே வைத்துப் பேசுகிறேன். அது என் பேச்சை எழுத்தாக்கிக்கொண்டே வருகிறது. "அம்மா, பழைய தியேட்டரும்மா. வெளிச்சம் அம்புட்டு அழகா இருக்கு. நீ வராம நான் எப்பிடி..." அப்படியே அனுப்பிவிடுகிறேன். கூரையில் புறாக்கள் சிறகடிக்கின்றன. பெர்சி என் விரலைப் பிடித்துக்கொள்கிறாள். சற்று நேரத்தில் போனில் வந்த அம்மாவின் குரல் காலி அரங்கெங்கும் எதிரொலிக்கிறது. "கிறுக்குப் பயலே, சாமி மாசத்துல போயி கல்யாணத்த வச்சுக்கிட்டு... சரி, அந்தக் கொட்டாயில பந்தி எங்கிட்டுடா போடுவீக?"