ரெண்டு ரவுண்டு

"பாட்டிலெல்லாம் நான் இங்கியே ரெடி பண்ணிடறேன் மச்சான். அங்க போயி தேடிக்கினு இருக்க முடியாது."

வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான் இளவரசன். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி சந்தியாவுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"பெருசு ரெண்டு, சின்னது ஒண்ணு. போதும். இல்ல மச்சான், ரெண்டு ரவுண்டுதான். அதுக்கு மேல போனா கை நிக்காது."

போன ஆடியில்தான் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு, இனிமேல் குடியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான். அன்றிலிருந்து ஒரு சொட்டு கிடையாது. கள்ளக்குறிச்சியில் அவன் வைத்திருக்கும் மோட்டார் வைண்டிங் கடையில் மறுபடி வேலை குவிகிறது. அவளும் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கியிருந்தாள். எல்லாம் இந்தப் பாழாய்ப்போன மீன்பிடி ட்ரிப்பில் போய்விடும் போலிருக்கிறதே!

அந்த மச்சானும் வேறு யாருமில்லை. அவள் கூடப்பிறந்த அண்ணன் பகலவன். யாரிடம் போய் முறையிடுவது?

இளவரசன் உள்ளே வந்ததும், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள். "இன்னாங்க, ட்ரிப்பு முடிவாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. தனுஷ்கோடி! போன்ல எல்லா ஊரும் பாத்துட்டேன். கரையில நின்னுக்கினே கடல் மீனு புடிக்க அத மாதிரி எடம் கெடையாது. சின்னசேலத்துல ரயிலு ஏறுனா விருத்தாசலம். அங்கருந்து ராமேஸ்வரம் வண்டி. பஸ்ஸ விட கம்மி. தங்கறதுக்கு ஒரு சத்திரம் கீது. நீ புளிசோறு கட்டிட்டீன்னா சாப்பாட்டு செலவும் மிச்சம்."

"செலவு கம்மின்னா பாண்டிச்சேரி போலாமே. கிட்டதான?" வேண்டுமென்றே ஆழம் பார்த்தாள்.

"பாண்டி வேணாம். அந்தப் பக்கமே போவமாட்டேன்."

சரக்கை இங்கேயே ரெடி பண்ணிக்கொண்டு போகிறவருக்குப் பாண்டிச்சேரி எதற்கு என்று மனசுக்குள் பொருமினாள்.

"தூண்டிலு வாங்கலியா?"

"ராடு இன்னா வெலைன்னு தெரியுமா? அந்தக் காசுல ரெண்டு வாட்டி போயிட்டு வந்துரலாம்."

தூண்டில் வாங்காமல் மீன் பிடிக்கப் போகிற ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"எத்தன பேரு போறீங்க?"

"மூணு பேரு."

"மூணாவது யாரு?"

"அது உனக்குத் தெரிஞ்ச ஆளுதான். அப்புறம் சொல்றேன்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். பழைய குடிகாரக் கூட்டாளிகள் ஒவ்வொருவராக அவள் கண்முன் வந்து போனார்கள்.

கிளம்பும் நாளும் வந்தது. இளவரசன் குளித்துக்கொண்டிருந்தபோது, வாசலோரம் இருந்த பையைத் தூக்கிப் பார்த்தாள். மேலாகக் கை வைத்ததுமே தட்டுப்பட்டுவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் பாட்டில். அதுவும் எதில் சுற்றி வைத்திருக்கிறான்? அவளுடைய நல்ல நீலப் புடவையில்!

தலையைத் துவட்டியபடி இளவரசன் வந்தபோது, பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள் சந்தியா.

"போறதுன்னா போங்க. கையில கட்டிக்கினு கீறீங்களே, அந்தக் கயித்த அவுத்து என்னாண்ட குடுத்துட்டுப் போங்க."

"இன்னா சந்தியா, எதுக்கு?"

"பையில கீறது எதுக்கு? ரெண்டு ரவுண்டு, மூணு பாட்டிலுன்னு எல்லாம் என் காதுல வுழுந்துச்சு!"

அப்போதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. புடவையைப் பிரித்து ஒரு பாட்டிலை எடுத்து அவள் முன் நீட்டினான்.

காலித் தண்ணீர் பாட்டில். அதன் மேல், மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற அதே கை, நைலான் நரம்பை இடைவெளியில்லாமல் வரிவரியாகச் சுற்றியிருந்தது. நரம்பின் நுனியில் ஓர் ஈயக் குண்டு.

"இதான் தூண்டிலு. ராடு வாங்க வசதியில்லாதவங்க எல்லாம் இதுலதான் புடிக்கிறாங்க. முள்ள அங்க போயி கட்டிக்கணும். இப்ப பாரு."

வாசலில் இறங்கி, பாட்டிலை இடது கையில் பிடித்துக்கொண்டு, ஈயக் குண்டை வலது கையால் தலைக்கு மேல் சுழற்றினான். ஒரு ரவுண்டு. ரெண்டு ரவுண்டு. விட்டான். நரம்பு பாட்டிலின் வாய்ப்பக்கமாகச் சரசரவென்று உருவிக்கொண்டு ஓட, குண்டு எதிரே இருந்த காலி மனையின் அந்தக் கோடியில் போய் விழுந்தது.

"மூணாவது ரவுண்டு சுத்துனா கை நிக்காது. நம்ம மண்டையில வந்து அடிக்கும்."

அப்பாடா என்று இருந்தது சந்தியாவுக்கு. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவன் ஈரக் கையில் கிடந்த அந்தக் கறுத்த கயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நல்லவேளை, அண்ணனுக்குப் போன் போட்டுத் திட்டாமல் இருந்தோமே என்று நினைத்தாள்.

"சரி, பெருசு ரெண்டும் உங்களுக்கும் அண்ணனுக்கும். இந்தச் சின்னது யாருக்கு?"

"கைக்கு அடங்குதான்னு புடிச்சிப் பாரு" என்று அதை அவள் கையில் வைத்தான் இளவரசன்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பகலவன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"இன்னா மாப்ள, மூணாவது ஆளு இன்னும் பொடவ கூட மாத்தாம நிக்குது? ரயிலு நமக்காவ நிக்குமா?"