நாலாவது திரை

கம்பி மறுபடியும் இறங்கியது. இந்த முறை முழங்காலில். வெள்ளைச் சட்டைப் பையன் சுருண்டு விழுந்தான். முகத்தில் துணி கட்டிய நாலு பேர் சூழ்ந்துகொண்டு மிதித்தார்கள்.

"மனுஷனுங்களா இவங்க" என்று செய்தி ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது. அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அவருக்கு 'அணைக்கட்டு' என்று பட்டப்பெயர், சும்மா வைக்கவில்லை. கடலுக்கு அப்பால் எந்த நாட்டில் குண்டு விழுந்தாலும் இங்கே இவருக்கு மதகு திறந்துவிடும்.

சுவரில் வரிசையாகத் திரைகள். நாலாவது திரை, வருஷக் கணக்காகச் சண்டை நடக்கும் ஒரு தூர தேசத்துக்கென்றே ஒதுக்கியது. அங்கிருந்து சத்தமில்லாமல் படம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். இடிந்த சுவர், செங்கல் குவியல், புழுதி. இன்றைக்கும் அதே கண்றாவிதான். சாயங்கால வெயிலில் அந்தப் பையன் ஊர்ந்து ஊர்ந்து ஒரு சுவரோரம் ஒதுங்கப் பார்த்தான். காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

உள்ளூர் விஷயம் என்றால் மட்டும் மனுஷன் கல்நெஞ்சக்காரர். ஊருக்குள் குத்து, வெட்டு என்று நிருபர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தால், குடித்துவிட்டு அடித்துக்கொண்டிருப்பார்கள், திரைக்கு அடியில் ஒரு வரி ஓடவிடு போதும் என்று முடித்துவிடுவார். போன மாதம் ஒரு பெண்ணைக் கடைவாசலில் வைத்து வெட்டியதற்கும் அந்த ஒரு வரிதான்.

செய்தி எழுதும் உதவி ஆசிரியை காதைத் தீட்டிக்கொண்டாள். பின்பக்கம் ஏதோ கூச்சலாக இருக்கிறதே, எட்டிப் பார்க்கட்டுமா என்றாள். அவர் எரிந்து விழுந்தார். பின்தெருவில் கட்டடங்களை இடித்துச் சாலையை அகலப்படுத்துகிறார்கள், தினம் நாலு தகராறு நடக்கத்தான் செய்யும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நம் பிழைப்பு என்ன ஆவது என்றார். பூட்டிய ஜன்னல் பூட்டியபடியே இருக்க, ஏசியைக் கூட்டி வைக்கச் சொன்னார்.

திரையில் பையனின் சட்டை இப்போது வெள்ளையாக இல்லை. இரண்டு கையையும் தூக்கிக் கெஞ்சினான். நாலு பேரில் ஒருத்தன் நிதானமாக நடந்து போய், குவியலிலிருந்து பெரிய கல்லாகப் பார்த்து ஒன்றைப் பொறுக்கினான்.

"விட்டுடுங்கடா, அவனுக்கு இன்னும் உயிர் இருக்கு" என்று அணைக்கட்டு திரையைப் பார்த்துக் கெஞ்சினார். நிஜமாகவே கெஞ்சினார், நடிப்பு இல்லை. மூக்கைச் சிந்திவிட்டு, இன்றைய தலைப்புச் செய்தி இதுதான், மற்றதையெல்லாம் தூக்கிவிடு என்றார். உதவி ஆசிரியைக்கும் கண்ணீரில் எழுத்து மறைந்தது.

"எழுதும்மா. சுத்தி இத்தனை கட்டடம் இருக்கு. ஒரே ஒருத்தர் வெளிய வந்து சத்தம் போட்டிருந்தாக்கூட இந்தப் புள்ள பொழைச்சிருப்பான். அந்த ஊர்ல மனுஷங்களே இல்லையா?"

பையன் இன்னும் அசைந்துகொண்டுதான் இருந்தான். கல்லைத் தூக்கியவன் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு நிலையத்தின் கேபிள் டெக்னீஷியன் உள்ளே வந்தார். தோளில் ஒயர் சுருள், முகமெல்லாம் வியர்வை. திட்டு விழப் போகிறதே என்ற பயத்தில், திரைப் பக்கமே பார்க்காமல் செய்தி ஆசிரியரிடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சார், கோச்சுக்காதீங்க, ஒயரை மாத்திச் சொருகிட்டேன்... நாலாவதுல இப்ப ஓடுறது டிராஃபிக் காட்ட வச்ச நம்ம மாடி கேமரா, கீழ பின்தெருதான் தெரியுது."