தலையணை மேல் ஒரு நோட்டு

"சம்பளம் வாங்குறவங்களுக்கு எதுக்குடி டிப்ஸ்? நான் ஆபீஸ்ல ஃபைல் முடிச்சுக் கொடுத்தா என் மேஜையில எவனாவது காசு வைக்கிறானா?"

விடுமுறைக்கு வந்த ஓட்டலில், முதல் நாள் காலையிலேயே கணவன் ஆரம்பித்துவிட்டான். முந்தின இரவு பெட்டிகளை மாடிக்குத் தூக்கி வந்தவருக்கு அவன் கொடுத்தது ஒரு புன்னகை. அதுவும் பாதிதான்.

மனைவி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அறையைச் சுத்தம் செய்ய வருபவருக்காக ஒரு நோட்டைத் தலையணை மேல் வைத்துவிட்டு, கடலில் குளிக்கக் கிளம்பினாள்.

"நீங்க வரலையா?"

"நீ முன்னால போ. ஷேவ் பண்ணிட்டு வரேன்."

மத்தியானம் திரும்பி வந்தால் அறை பளபளவென்று இருந்தது. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. குளியலறைக் கண்ணாடியில் பற்பசைத் தெறிப்பு இல்லை. தலையணை மேல் நோட்டும் இல்லை.

"பார்த்தீங்களா? மனசு குளிர்ந்தா வேலை எப்படி நடக்குது!"

அவன் ஏதோ முனகினான். ஆனால் மறுநாளிலிருந்து டிப்ஸைப் பற்றி மூச்சு விடவில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில், தான் சொல்லி அவன் கேட்ட முதல் விஷயம் இதுதான் என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு நோட்டு வைத்தாள். அன்று அவளுடைய செருப்பில் ஒட்டியிருந்த மணலைக்கூடத் தட்டி, ஜோடியாக வைத்திருந்தார்கள்.

"வீட்டுல ஒரு நாளாவது குடிச்ச காபி டம்ளரை நகர்த்தி வச்சிருக்கீங்களா? முகம் தெரியாத ஆளு எவ்வளவு அக்கறையா செய்யுறாங்க பாருங்க!"

"இடுப்பு வலிக்குதுடி, சும்மா இரு" என்று அவன் குப்புறப் படுத்துக்கொண்டான்.

"படுத்தே கிடந்தா வலிக்காம என்ன செய்யும்?"

ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. மனைவி ஒரு கவரில் பெரிய நோட்டாகப் பார்த்துப் போட்டாள்.

"இதை அவங்க கையிலயே கொடுத்து நன்றி சொல்லணும். சொல்லாமப் போனா எனக்கு மனசு ஆறாது."

கணவனின் முகம் வெளிறியது. "என்கிட்ட குடு. நான் கொடுத்துடறேன்."

"நீங்களா? நல்லா கொடுப்பீங்க! உங்க பாக்கெட்டுக்குள்ள போனது என்னைக்கு வெளிய வந்திருக்கு?"

"அதுக்கில்ல, வண்டிக்கு நேரமாச்சு" என்று அவன் பெட்டியோடு கதவை மறித்தான்.

கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா! அவள் அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு வெளியே போனாள். வராந்தாவில் துப்புரவுப் பெண் தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்தாள்.

"ரொம்ப நன்றிம்மா. என் வீட்டைக்கூட நான் இவ்வளவு சுத்தமா வச்சுக்கிட்டதில்ல" என்று கவரை நீட்டினாள் மனைவி.

அந்தப் பெண் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ மேடம், உங்க ரூமுக்குள்ள நாங்க காலே வைக்கலையே! நீங்க கிளம்பின உடனே சார் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையை மாட்டிட்டு, என்கிட்ட துடைப்பமும் துணியும் வாங்கிட்டு உள்ளே போயிடுவாரு."

மனைவி மெல்லத் திரும்பினாள். கணவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் கையை நீட்டினான்.

"அப்போ அந்தக் கவர் எனக்குத்தானே சேரணும்?"