கூட வந்த அகராதி

“‘யாரும் கூப்பிடாமல் வந்தவன், இன்னும் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கிறான்’ என்று சொன்னீர்களே, அது என்னைத்தானே?” என்று நிர்வாகியிடம் சண்டைக்கு வந்தது அகராதி.

அது ஒரு லினக்ஸ் கணினி. உள்ளே இருக்கிற மென்பொருள்களைப் புதுப்பிப்பதும், வேண்டாததை அழிப்பதும் நிர்வாகி என்கிற மென்பொருளின் வேலை. அகராதியோ எழுத்துப்பிழை திருத்துகிற பொடி மென்பொருள்.

“பின்னே யாரை? கட்டுரை எழுதும் மென்பொருளுக்குத் துணையாக வந்தவன் நீ. அதையே நேற்று அழித்தாயிற்று. நீ எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு?”

“மின்னஞ்சல் மென்பொருளுக்கும் தினமும் நான்தானே சார் பிழை திருத்துகிறேன்!”

“அப்படியா? மின்னஞ்சல் இங்கே வந்தபோது, ‘உனக்கு யார் யார் துணை வேண்டும்?’ என்று கேட்டேன். உன் பெயரைச் சொல்லவே இல்லையே.”

“நான்தான் ஏற்கெனவே இங்கே இருந்தேனே. சொல்லத் தோன்றியிருக்காது.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதப்பா. நீ வேண்டும் என்று யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லட்டும், விட்டுவிடுகிறேன். இல்லையென்றால் இப்போதே அழித்துவிடுவேன்.”

மின்னஞ்சல் பக்கத்திலேயேதான் இருந்தது. அன்றைய புதுப்பிப்பில் அதற்குப் புது ஐகான் கிடைத்திருந்தது. கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள் மாதிரி தன்னைத்தானே பார்த்துக்கொண்டு, நடுவில் யாருக்கோ ஒரு கடிதமும் தட்டிக்கொண்டிருந்தது. அதில் ‘நன்றி’ என்பது ‘நண்றி’ என்று விழுந்தது. கை சும்மா இருக்காமல் அகராதி அதைத் திருத்திக் கொடுத்தது. மின்னஞ்சல் திரும்பிப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

நிர்வாகி அழிக்கத் தொடங்கினார்.

“மின்னஞ்சல் அக்கா, நான் வேண்டும் என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன்.”

மின்னஞ்சல் புது ஐகானைப் பார்த்தபடியே அடுத்த கடிதத்தைத் தட்டி அனுப்பியது; அதில் ‘நண்றி’ திருத்த ஆளில்லாமல் ‘நண்றி’யாகவே போனது.