இயன்றவரை

தேசிய மனநலக் கொள்கையின் கடைசி வரைவு மேசைமேல் கிடக்கிறது. சுற்றிலும் பதினொரு பேர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்கிறார்கள். அவர்களில் மனநல வார்டிலிருந்து வந்திருப்பவர் நர்ஸ் ஒருவர்தான். ‘நோயாளிகளைக் கட்டிவைக்கக் கூடாது’ என்று அவர் எழுதிக் கொடுத்த வரிக்கு முன்னால் ‘இயன்றவரை’ என்றொரு சொல் புதிதாக முளைத்திருக்கிறது. “இதை யாரு சேர்த்தது?” என்று கேட்கிறார் நர்ஸ்.

“நடைமுறைக்கு ஒத்துவரணும்ல, சிஸ்டர். ஒரு வார்த்தைதானே,” என்கிறார் குழுவின் தலைவர், தேநீரை ஊதியபடி.

“அறுபது பேருக்கு ஒரு நர்ஸ், ஐயா. இயன்றவரைன்னு எழுதினா எங்களுக்கு ஒருநாளும் இயலாது. போன மாசம் ஒரு பொண்ணைக் கட்டில்ல கட்டிட்டு நான்தான் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தா கை ரெண்டும் நீலம் பாரிச்சுக் கிடக்கு. பழைய விதியிலயும் இதே வார்த்தை இருக்கு. அதைக் காட்டித்தான் நான் தப்பிச்சேன்.”

நர்ஸ் பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடிக்கிறார். அடித்த வேகத்தில் தாள் கிழிகிறது.

“அந்த வார்த்தையோடயே வேற நகல் எடுத்துட்டு வாம்மா,” என்கிறார் தலைவர், மூலையிலிருக்கும் டைப்பிஸ்டிடம்.

அவள் விசைகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். எழுந்திருக்கவில்லை.