அரை டின் தண்ணீர்

"ஒரு வாய் தண்ணி தாயேன், ஜெனவீவ்..."

கட்டிய புருஷன் கெஞ்சுகிறான். அவளோ காதிலேயே விழாதவள் மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"காலையிலயே குடிச்சிட்டீங்க. இனி சாயங்காலம்தான்."

பக்கத்து வீட்டுச் செல்லாயிக்கு வயிறு பற்றி எரிந்தது. மலேசியாவில் குருண் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயம் அது, வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். இருமினாலே கேட்கும், இந்தக் கெஞ்சல் கேட்காதா?

லோரி ஓட்டிக்கொண்டிருந்த ஜூலியஸுக்கு கிட்னி இரண்டும் போய்விட்டது. பினாங்குக்குப் போய் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவான். குடிக்கிற தண்ணீருக்கு அளவு. காலையில் அரைப் பால் டின், சாயங்காலம் அரை டின். காலி டின்னில் ஆணியால் கோடு கிழித்து வைத்திருந்தாள் ஜெனவீவ். கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு ஊற்ற மாட்டாள்.

"நாக்கு வறண்டு கெடக்குற மனுஷனுக்குத் தண்ணி இல்லேங்குறாளே, கல்நெஞ்சக்காரி! இவளும் ஒரு பொம்பளையா?"

தண்ணிப் பைப்பு பக்கம் வந்தவர்களிடமெல்லாம் செல்லாயி சொல்லித் தீர்த்தாள். சொன்னதோடு விட்டாளா? ஜெனவீவ் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போன நேரம் பார்த்து, தன் வீட்டுத் தென்னையில் இளநீர் பறித்துச் சீவி எடுத்துப் போனாள்.

"குடி தம்பி. இது தண்ணி இல்லலா, மருந்து. மூத்திரக் கோளாறுக்கு இளநிய விட்டா வேற என்ன இருக்கு?"

ஜூலியஸ் மடக்மடக்கென்று குடித்தான். கண்ணே கலங்கிவிட்டது அவனுக்கு.

"நீங்க நல்லா இருக்கணும்கா."

இரண்டே நாளில் உடம்பு வீங்கி, மூச்சு முட்டி, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனான். இதயம் தாங்கவில்லை என்றார்களாம்.

"தண்ணியில்லாமக் காயப்போட்டா நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?" என்று செல்லாயி பொருமினாள். அவன் தேறி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இன்னும் இரண்டு இளநீர் சீவினாள்.

மறுபடியும் ஆஸ்பத்திரி. இந்தத் தடவை பிழைத்ததே பெரிய பாடு.

செல்லாயி பார்க்கப் போனபோது டாக்டர் ஜெனவீவைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"கிட்னி போனவருக்குக் குடிக்கிறது வெளிய போகாதும்மா, நெஞ்சுலதான் போய் நிக்கும். ரத்தத்துல பொட்டாசியம் வேற ஏறி, இதயமே நிக்கப் பாத்துச்சு. இளநியா குடுத்தீங்க?"

செல்லாயி கதவோரம் ஒதுங்கினாள்.

ஜெனவீவ் தலை நிமிரவில்லை. "ஆமா டாக்டர். நான்தான் குடுத்தேன்."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நீங்கல்லாம் ஒரு பொண்டாட்டியா? இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால காப்பாத்த முடியாது."

டாக்டர் நகர்ந்ததும் செல்லாயி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி அப்படிச் சொன்ன? குடுத்தது நான்டி! பாவி நான்தான்டி!"

"தெரியும்கா. நேத்து அவரத் தூக்கும்போதுதான் கட்டிலுக்கு அடியில இளநி மட்டையப் பாத்தேன். நம்ம லயத்துல தென்னை வேற யாரு வீட்டுல இருக்கு?"

"அப்புறம் ஏன் என் பேரச் சொல்லல?"

"சொன்னா அப்புறம் எங்க வாசப்படி மிதிப்பீங்களா? நான் வேலைக்குப் போயிட்டா, அவரோட ரெண்டு வார்த்தை பேச உங்கள விட்டா யாருக்கா இருக்கா? இனிமே வெறுங்கையோட வாங்க. அது போதும்."

செல்லாயிக்கு அழுகை பீறிட்டது. அப்போதுதான் ஜெனவீவின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. அடித்துப் பிடித்து கேன்டீனுக்கு ஓடி, பிளாஸ்டிக் பையில் ஐஸ் தேத்தண்ணி கட்டிக்கொண்டு வந்தாள்.

"அவருக்குத்தான் கூடாது. நீயாவது குடிலா."

ஜூலியஸின் டின் கட்டில் பக்கத்து மேசைமேல் இருந்தது. ஜெனவீவ் தன் பைக்குள் கைவிட்டு இன்னொரு டின்னை எடுத்துக் காட்டினாள். அதே ஆணிக் கோடு. காலியாக இருந்தது.

"காலையிலயே குடிச்சிட்டேன்கா. இனி சாயங்காலம்தான்."