பள்ளத்தில் ஒரு பங்களா

"தங்கம் பிரிக்கிற ஆலைக்குப் படம் போடத்தானே வந்தீங்க மச்சான்? இப்ப முதலாளிக்குப் பங்களா வரைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க!"

இஞ்சினியர் தலை நிமிரவில்லை. மேசைமேல் விரித்திருந்த தாளில் மாடிப்படிக்குக் கைப்பிடி வரைந்துகொண்டிருந்தார்.

கேட்டவன் அவருடைய தங்கையின் கணவன். கட்டுமான வேலையை மேற்பார்வை பார்க்கிறவன். அங்கே எல்லாரும் அவனை 'வெடி' என்றுதான் கூப்பிடுவார்கள். மலையை வெடி வைத்துப் பெயர்த்ததற்காக வந்த பெயரில்லை, வாய்க்காக வந்தது.

ஆலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் கட்டடம். உச்சியில் கல்லுடைக்கும் இயந்திரம். அதற்குக் கீழே, உடைத்த கல்லை மாவாக அரைக்கும் பெரிய உருளை. அதற்கும் கீழே, சயனைடு கலந்து தங்கத்தையும் வெள்ளியையும் கரைத்தெடுக்கும் தொட்டிகள். அரைத்த மாவு தண்ணீரோடு சேறாகித் தானாகவே இறங்கி ஓடும். அந்த வடிவத்தைப் பார்க்கும்போதெல்லாம் வெடிக்கே மச்சான்மேல் பெருமையாகத்தான் இருக்கும்.

அந்தப் பெருமையெல்லாம் கரை விஷயத்தில் போயிற்று.

கடைசியில் மிஞ்சும் விஷச் சேற்றைத் தேக்கி வைக்க அடிவாரத்தில் ஒரு குளம் வேண்டும். அதற்கு இஞ்சினியர் முதலில் வரைந்த கரை, யானைகள் வரிசையாகப் படுத்ததுபோல் அகலமானது. உள்ளே களிமண், வெளியே கருங்கல். முதலாளி படத்தைப் பார்த்தார். "தங்கத்துக்கு ஆலை கட்டச் சொன்னா, சேத்துக்குக் கோட்டை கட்டறீங்களே!" என்று சிரித்தபடியே சிவப்புப் பேனாவை எடுத்துக் கரையைப் பாதியாகக் குறைத்தார். இஞ்சினியர் எவ்வளவோ வாதாடினார். ஒருநாள் திடீரென்று, "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கரைக்குக் கீழே, பள்ளத்தில்தான் தொழிலாளர் வீடுகள். தகரக் கூரை போட்ட அந்த வரிசையில் ஒன்றில்தான் வெடியின் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள்.

"உங்க தங்கச்சி இனிமே உங்ககூடப் பேச மாட்டாளாம். சொல்லச் சொன்னா" என்றான் வெடி. "கரை உடைஞ்சா மொதல்ல போறது நம்ம பிள்ளைங்கதான். அது தெரிஞ்சும் எப்படி மச்சான் ஒத்துக்கிட்டு வந்தீங்க?"

"நான் ஒத்துக்கலைன்னா, ஒத்துக்கற ஒருத்தனைக் கூட்டிட்டு வருவாங்க மாப்பிள்ளை."

"நல்லா இருக்கு நியாயம்! போதாக்குறைக்கு ஒரு பங்களா. அதுவும் அதே பள்ளத்துல, எங்க வீடுங்களுக்குப் பக்கத்து மேட்டுல! அவரா கேட்டாரு? நீங்களே போய் யோசனை சொன்னீங்களாமே. ஜால்ரா போடவும் ஒரு அளவு வேண்டாமா?"

"அந்த மேட்டுல நின்னா மலை மொத்தமும் தெரியும். முதலாளியம்மாவுக்குப் பிடிக்கும்" என்றார் இஞ்சினியர், பென்சிலைச் சீவிக்கொண்டே.

வெடிக்குப் பெண் கொடுக்க வீட்டில் எல்லாரும் தயங்கியபோது, 'கோபக்காரன்தான், ஆனா மனசுல ஒண்ணு வெளியில ஒண்ணு கிடையாது' என்று எடுத்துப் பேசி முடித்தவர் இதே மச்சான். அந்த மனுஷன் எங்கே போனான்? கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தான்.

மறுநாள் காலை முதலாளி மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். மேட்டின்மேல் நின்று இஞ்சினியர் படத்தை விரித்தார். வெடி வேண்டாவெறுப்பாக அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

"இங்க உங்க அறை அம்மா. இங்க பேரப்பிள்ளைங்க படுக்க ஒரு பெரிய அறை. நாலு பக்கமும் ஜன்னல்."

முதலாளியம்மாவின் முகம் மலர்ந்தது. "ஜன்னலைத் திறந்தா எதிர்ல என்ன தெரியும்?"

"குளம் வரும் அம்மா."

"அட, தண்ணியா! மீன் விடலாமே."

"மீன் பிழைக்காது அம்மா. அது சயனைடு கலந்த சேறு."

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அது இந்தப் பக்கம் வராம இருக்க?"

"கரை போடறோம் அம்மா. அதோ, சுண்ணாம்புக் கோடு கிழிச்சிருக்கே, அவ்வளவு அகலத்துக்கு."

அம்மா அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தார். முதலாளியும் கோட்டைப் பார்த்தார், முதல் தடவையாகப் பார்ப்பதுபோல.

"என்னய்யா இது, கரையா வரப்பா?" என்று இஞ்சினியர்மேல் பாய்ந்தார். "ஒரு பெருமழைக்குத் தாங்குமா? என் பேரன் பேத்தி படுத்துத் தூங்கப்போற இடம்யா! படிச்சவன்தானே நீ, அறிவு வேண்டாம்?"

"தப்புதான் ஐயா."

'சிவப்புப் பேனா யாருது?' என்ற கேள்வி வெடியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இஞ்சினியரின் கை அவன் தோளை இறுக்கிப் பிடித்தது. பிடித்த விதத்தில் ஏதோ இருந்தது. வெடி வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டான்.

"மொதல்ல ஒண்ணு போட்டியே, அந்தக் கரையையே கட்டு. கருங்கல்லு எவ்வளவு வேணுமோ இறக்கிக்கோ. அது முடியாம ஆலையில ஒரு கல்லு அரைபடக் கூடாது!"

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய் மறைந்தது. தகரக் கூரைகளின் பக்கமிருந்து குழந்தைகள் விளையாடும் சத்தம் கேட்டது. வெடி வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். கதவை அறைந்து சாத்தியதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. தெரிந்தது வேலை ஒன்றுதான்.

"மச்சான், கரைக்குத் தோண்டறப்பவே இந்தப் பங்களாவுக்கும் அஸ்திவாரம் தோண்டிடட்டுமா?"

இஞ்சினியர் படத்தை மெல்லச் சுருட்டினார்.

"இங்கயா? அடியில அத்தனையும் இளகின களிமண்ணு மாப்பிள்ளை, போன வருஷமே சோதிச்சுப் பார்த்தாச்சு. மாடி கட்டினா ஒரு சுவர்கூட நேரா நிக்காது. கரை முடியட்டும், அப்புறமா அவர்கிட்ட சொல்லிக்கலாம்."